கிள்ளானைக் காத்த அட்டவணை

1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்க ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் ஸ்காட்லாந்து நாட்டவர். வயது இருபத்தேழு. பெயர் மால்கம் வாட்சன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில்தான் மலாயா மருத்துவப் பணியில் சேர்ந்திருந்தார்.

அந்நாளைய கிள்ளான் சிறிய ஊர். மக்கள்தொகை 3,576. ஆற்றங்கரையில் கடைத்தெரு, அதைச் சுற்றித் தாழ்வான குன்றுகள், குன்றுகளுக்கு இடையே சதுப்பு நிலம். ஊருக்குள்ளேயே காடும் புதரும் இருந்தன. மழை பெய்தால் நீர் வடிய வழியில்லை. வாட்சன் பொறுப்பேற்ற மருத்துவமனையில் வருவோரில் பெரும்பாலோர் ஒரே நோயுடன் வந்தனர். முதலில் உடல் நடுங்கும். பிறகு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வியர்த்து ஓயும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அது திரும்ப வரும். மக்கள் அதைக் குளிர்க்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் அழைத்தனர். மருத்துவர்கள் மலேரியா என்றனர்.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று பல நூற்றாண்டுகளாக நம்பினர். இந்தியாவின் அல்மோராவில் பிறந்த ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கொசு ஒன்றின் வயிற்றுக்குள் மலேரியா நுண்ணுயிரைக் கண்டறிந்து அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். அதற்காக 1902இல் நோபல் பரிசும் பெற்றார். நோயைப் பரப்புவது கொசு என்று தெரிந்துவிட்டது. ஆனால், தெரிந்துகொண்டதை வைத்து ஓர் ஊரையே காப்பாற்றுவது எப்படி என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் கொயினா மருந்து கொடுப்பதா, கொசுவலை கொடுப்பதா, கொசுக்கள் பிறக்கும் இடத்தையே அழிப்பதா? மழை ஓயாத, காடு சூழ்ந்த நாட்டில் கொசுவை ஒழிப்பது நடக்கிற காரியமில்லை என்றே பலரும் எண்ணினர்.

வாட்சன் மருந்து கொடுத்துக்கொண்டே எழுதவும் தொடங்கினார். மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் பெயர், நோய் ஆகியவற்றோடு அவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் குறித்துக்கொண்டார். பார்ப்பதற்கு இது எளிய வேலை. ஆனால், பின்னாளில் அவருடைய வாதம் முழுவதும் இந்த ஒரு குறிப்பின்மேல்தான் நின்றது. நோயாளிகள் வந்த வீடுகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் அருகே எத்தகைய நீர் தேங்கியிருக்கிறது, அந்த நீரில் எந்தக் கொசுவின் புழுக்கள் நெளிகின்றன என்பதையெல்லாம் நேரில் சென்று பார்த்தார். ஊரின் நடுவே கிடந்த சதுப்பு நிலங்களை அடுத்த வீடுகளில்தான் காய்ச்சல் குடிகொண்டிருந்தது.

மரணக் கணக்கு அச்சமூட்டியது. கிள்ளானும் அதன் துறைமுகமும் சேர்ந்த பகுதியில் 1900ஆம் ஆண்டு 474 பேர் இறந்திருந்தனர். 1901இல் அது 582 ஆக உயர்ந்தது. இவர்களுள் 368 பேர் காய்ச்சலால் இறந்ததாகப் பதிவாகியிருந்தது.

ஊரின் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டவேண்டும், பள்ளங்களைத் தூர்க்கவேண்டும், ஊருக்குள் நிற்கும் காட்டையும் புதரையும் அழிக்கவேண்டும் என்று வாட்சன் பரிந்துரைத்தார். பொறுப்பேற்று ஓராண்டுகூட ஆகாத இளம் மருத்துவரின் சொல்லைக் கேட்டு அரசாங்கம் பெரும்பணம் செலவிடுமா என்பது ஐயந்தான். கோலாலம்பூரில் இருந்த சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். கிள்ளான் நகரத் துப்புரவுக் கழகமும் ஒத்துழைத்தது. வேலை தொடங்கியது.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு பேரிடர் நேர்ந்தது. கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிதாகக் கட்டப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைப்பது அதைத்தான். 1972இல்தான் பெயர் மாறியது. அலையாத்திக் காட்டை வெட்டி, சேற்று நிலத்தின்மேல் அத்துறைமுகத்தை அமைத்திருந்தனர். பெரிய அலைக் காலங்களில் கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும். திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்கள், இரயில்வே பணியாளர்கள், அரசு ஊழியர்கள் என அடுக்கடுக்காக நோயில் விழுந்தனர். சரக்கை இறக்க ஆள் இல்லை. கப்பல்களில் வந்தவர்களையும் காய்ச்சல் பற்றியது. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. அங்கும் வாட்சனின் திட்டம்தான் செயல்பட்டது. கடல்நீரைத் தடுக்கக் கரை எழுப்பினர். உள்ளே தேங்கும் நீர் வெளியேற வடிகால் வெட்டினர். சுற்றியிருந்த காட்டை அகற்றினர்.

இரண்டு இடங்களிலும் 1905ஆம் ஆண்டு இறுதிவரை ஏறத்தாழ 10,000 பவுன் செலவாயிற்று. செலவிட்ட பணத்துக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லவேண்டிய கடமை வாட்சனுக்கு இருந்தது. அவர் நீண்ட விளக்கம் எழுதுவதைவிட ஓர் அட்டவணையையே முன்வைத்தார். மலேரியா கண்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை அது காட்டியது.

ஆண்டு: 1901, 1902, 1903, 1904, 1905
கிள்ளான் நகரம்: 334, 129, 48, 28, 12
சுவெட்டன்ஹாம் துறைமுகம்: 188, 70, 21, 4, 11
மாவட்டத்தின் பிற பகுதிகள்: 197, 204, 150, 266, 353

முதல் இரண்டு வரிசைகளை மட்டும் காட்டியிருந்தாலே போதும் என்று தோன்றலாம். 522 பேர் 23 பேராகக் குறைந்தது பெரிய வெற்றிதானே? ஆனால், அந்த இரண்டு வரிசைகளைப் பார்த்து ஒருவர் எளிதில் மறுப்புக் கூறிவிட முடியும். அந்த ஆண்டுகளில் மழை குறைந்திருக்கலாம். நோய் தானாகவே தணிந்திருக்கலாம். மக்கள் நோயைத் தாங்கப் பழகியிருக்கலாம் என்பார்கள். அத்தனை மறுப்புகளையும் மூன்றாவது வரிசை அடைத்துவிடுகிறது. அதே மாவட்டம், அதே வானம், அதே மழை, அதே மருத்துவமனை, அதே மருத்துவர். வடிகால் வெட்டப்படாத பகுதிகளில் மட்டும் நோயாளிகள் குறையவில்லை. மாறாக, புதிய தோட்டங்கள் திறக்கப்பட்டு ஆட்கள் பெருகப் பெருக நோயாளிகளும் பெருகினர். தம் வெற்றியைக் காட்டும் எண்களின் அருகிலேயே வெற்றி எட்டாத இடத்தின் எண்களையும் வைத்ததுதான் இந்த அட்டவணையின் வலிமை. பதிவேட்டில் நோயாளியின் இருப்பிடத்தைக் குறிக்காமல் இருந்திருந்தால் இந்த மூன்றாவது வரிசையே பிறந்திருக்காது.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. ஒரே செய்தியை வேறு வேறு வாயில்கள் வழியாகவும் சோதித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் பணியாற்றிய அரசு ஊழியர்களுக்கு மலேரியாவுக்காக வழங்கப்பட்ட மருத்துவச் சான்றுகளை எண்ணினார். 1901இல் 236 சான்றுகள், 1,026 நாள் விடுப்பு. 1905இல் 4 சான்றுகள், 30 நாள் விடுப்பு. சிறுவர்களின் இரத்தத்தையும் எடுத்து ஆராய்ந்தார். பெரியவர்கள் ஊர்விட்டு ஊர் போவார்கள். சிறுவர்கள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே இருப்பார்கள். ஆகையால், ஓரிடத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்பதற்குச் சிறுவர்களின் இரத்தமே நல்ல சான்று. 1904ஆம் ஆண்டின் இறுதியில் நகரத்திலும் துறைமுகத்திலும் 260 சிறுவர்களைச் சோதித்ததில் இருவரிடம் மட்டுமே நோய்க்கிருமி இருந்தது. மாவட்டத்தின் பிற பகுதிகளில் 298 சிறுவர்களில் 101 பேரிடம் இருந்தது. அதாவது, மூவரில் ஒருவர்.

மரணப் பதிவேட்டிலும் ஒரு புதிர் இருந்தது. நகரத்திலும் துறைமுகத்திலும் 1901இல் 368 ஆக இருந்த காய்ச்சல் மரணங்கள் 1905இல் 45 ஆகக் குறைந்தன. இது எதிர்பார்த்ததே. ஆனால், பிற நோய்களால் நேர்ந்ததாகப் பதிவான மரணங்களும் 214இலிருந்து 68 ஆகக் குறைந்திருந்தன. கொசுவை ஒழித்தால் வயிற்றுக்கடுப்பால் இறப்பவர்கள் ஏன் குறையவேண்டும்? மலேரியாவால் இரத்தம் வற்றி நலிந்த உடலை வேறு எந்த நோயும் எளிதில் வீழ்த்திவிடும். பதிவேட்டில் எழுதப்படுவது கடைசியாக வந்த நோயின் பெயர். அந்த உடலை முதலில் சாய்த்தது வேறொன்று. ஏட்டில் இருக்கும் ஒரு சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் எண்களைக் கூட்டிக் கழித்தால் கணக்கு சரியாக வரும்; முடிவு தவறாக வரும்.

வாட்சனும் டிராவர்சும் இந்த விவரங்களை 1906ஆம் ஆண்டு அறிக்கையாக வெளியிட்டனர். அக்காலத்தில் லாகூருக்கு அருகே மியான்மீர் படைமுகாமில் நடைபெற்ற கொசு ஒழிப்பு முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதைச் சுட்டிக்காட்டிக் கொசு ஒழிப்பே வீண்வேலை என்று வாதிட்டோர் பலர். அவர்களுக்குக் கிள்ளானின் அட்டவணை விடையாக அமைந்தது. ரொனால்ட் ராஸ் 1910இல் வெளியிட்ட மலேரியா தடுப்பு நூலில் மலாயாவைப் பற்றி எழுதும் பகுதியை வாட்சனிடமே ஒப்படைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் வாட்சன் ஒரு வெற்றிபெற்ற மாவட்ட மருத்துவராக மட்டுமே நினைவுகூரப்பட்டிருப்பார். அவருடைய பெரிய சோதனை இதற்குப் பின்னர்தான் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்களாயின. மரம் சீவவும் புல்வெட்டவும் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கங்காணிகளால் கப்பலேற்றி அழைத்து வரப்பட்டனர். காட்டை வெட்டிய கையோடு லயன்வீடுகள் எழுந்தன. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாதவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிய தோட்டங்கள் பல. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் நூறு பேருக்கு மேல் இறந்த தோட்டங்களும் இருந்தன. கப்பலிறங்கிய சில மாதங்களிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். வாட்சன் அரசுப் பணியை விட்டு விலகி, கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களின் மருத்துவரானார்.

தோட்டங்களிலும் அவர் அதே முறையைக் கையாண்டார். இங்கே சிறுவர்களின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார். மலேரியா அடிக்கடி தாக்கினால் இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கி, கைக்குத் தட்டுப்படும். நூறு சிறுவர்களில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று பார்த்தால் அந்த லயத்தில் நோய் எவ்வளவு ஊன்றியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஊசியும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். இப்படித் தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக எண்களைச் சேர்த்து, அந்த லயம் காட்டிலிருந்து எவ்வளவு தொலைவு, சமவெளியா குன்றா என்பதோடு இணைத்து அட்டவணைகளும் படங்களும் வரைந்தார்.

அப்போது ஒரு விந்தை வெளிப்பட்டது. கடலோரச் சமவெளியில் இருந்த தோட்டங்களில் காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டியதும் மலேரியா மறைந்தது. கிள்ளானில் நடந்தது போலவே நடந்தது. ஆனால், குன்றுப் பகுதிகளில் இருந்த தோட்டங்களில் அதே வேலையை அதே போலச் செய்தும் நோய் மறையவில்லை. சில இடங்களில் காட்டை வெட்டுவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாயிற்று. குன்றின் அடிவாரத்தில், தெளிந்த நீரோடை ஓடும் அழகிய இடத்தில், வாய்க்கால்கள் ஒழுங்காக வெட்டப்பட்ட தோட்டத்தில் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர்.

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்திலிருந்து, பிரிக்ஃபீல்ட்சின் அருகே, இரயிலேறிக் கிள்ளான் துறைமுகம் வரை செல்பவர் இந்த வேறுபாட்டை இன்றும் சன்னல் வழியே காணலாம். பத்து தீகா, ஷா ஆலாம் வரை நிலம் ஏறி இறங்கும். கிள்ளானைத் தாண்டியதும் உள்ளங்கைபோலத் தட்டையாகிவிடும். ஒரு மணி நேரப் பயணந்தான். கொசுக்களுக்கு அவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

சமவெளியில் நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. இது காட்டு நிழலில், அசையாமல் தேங்கிய நீரில் முட்டையிடும். காட்டை வெட்டி வெயில் படவிட்டு, நீரை வடித்துவிட்டால் அழிந்துவிடும். குன்றுப் பகுதியில் நோய் பரப்பியதோ அனோபிலிஸ் மாகுலாட்டஸ். இதன் இயல்பு நேர்மாறானது. வெயில் படும் தெளிந்த ஓடையிலும் மலைச்சரிவில் கசியும் ஊற்றுநீரிலும்தான் இது வாழும். அடர்ந்த காட்டின் நிழலில் ஓடும் நீர் இதற்கு ஆகாது. ஆகவே, குன்றின் காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டபோது மனிதர்கள் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் உயிர் காத்த வேலையே இன்னோர் இடத்தில் உயிர் வாங்கியது.

இன்று பெரிய நிறுவனங்களில் வணிகப் பகுப்பாய்வாளர் என்னும் பணி உண்டு. ஒரு நிறுவனத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ள, அங்கே என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, யார் யார் இருக்கிறார்கள், எது எதோடு தொடர்புடையது என்பதைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் அவர்கள் வரைவார்கள். இதனைக் கள மாதிரி என்பர். அந்தப் படம் உண்மைக்குப் பொருந்துகிறதா என்பதை எண்களை வரைபடமாக்கிச் சோதிப்பார்கள். பெரும்பாலும் தவறு நேர்வது கணக்கில் அன்று, கட்டத்தில்தான். வாடிக்கையாளர் என்று ஒரே கட்டம் போட்டிருப்பார்கள்; உண்மையில் பணம் கொடுப்பவர் ஒருவராகவும் பொருளைப் பயன்படுத்துபவர் வேறொருவராகவும் இருப்பார்கள். கட்டத்தை இரண்டாகப் பிரித்தவுடன் பல குழப்பங்கள் தீரும். வாட்சன் செய்ததும் அதுவே. நிலம், நீர், கொசு, மனிதர் என்று அவர் மனத்தில் வரைந்திருந்த படத்தில் கொசு என்பது ஒரே கட்டமாக இருந்தவரை குன்றுத் தோட்டத்தின் மரணங்கள் விளங்கவில்லை. அதைப் பிரித்தபோது நிலத்தையும் பிரிக்கவேண்டியதாயிற்று. அலையாத்திப் பகுதி, கடலோரச் சமவெளி, கடலோரக் குன்று, உள்நாட்டுச் சமவெளி, உள்நாட்டுக் குன்று என்று நாட்டையே அவர் வகைப்படுத்தினார். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கொசு. ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு வகை நீர். ஒவ்வொரு நீருக்கும் ஒரு தீர்வு. வாட்சனின் முதல் பணியிடம் கிள்ளானாக இல்லாமல் ஓர் உள்நாட்டுக் குன்றூராக இருந்திருந்தால், அவருடைய முதல் முயற்சியே தோற்றிருக்கும். கொசு ஒழிப்பு வீண் என்றவர்களின் பக்கம் இன்னொரு சான்று சேர்ந்திருக்கும்.

குன்றுக்குத் தீர்வாக அவர் நிலத்தடி வடிகாலைத் தேர்ந்தெடுத்தார். ஓடையின் அடியில் சுட்ட மண்குழாய்களை வரிசையாகப் புதைத்து, கசியும் நீரெல்லாம் மண்ணுக்குள்ளேயே ஓடிவிடுமாறு செய்யவேண்டும். நீர் வெளியே தெரியாது, வெயில் படாது, கொசுவுக்கு முட்டையிட இடமிருக்காது. பத்து தீகாவை ஒட்டிய சீஃபீல்ட் போன்ற மலைப்பாங்கான தோட்டங்களில் 1911 முதல் இம்முறை கையாளப்பட்டது. இன்றைய சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி அத்தோட்டம் இருந்த நிலந்தான். குழாய் புதைக்க இயலாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தனர். எண்ணெய் தெளிப்பது மலிவு என்பதால் பின்னர் அதுவே பெரிதும் பரவியது. தோள்பட்டையில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து ஓடை ஓடையாகத் தெளித்துக்கொண்டு நடந்தவர்களும் தோட்டத் தொழிலாளர்களே.

தோட்ட உரிமையாளர்கள் இதற்கெல்லாம் எளிதில் பணம் தரவில்லை. குழாய் புதைப்பது செலவு மிக்கது. நோயால் எத்தனை வேலைநாள் வீணாகிறது, இறந்தவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களைக் கப்பலேற்றி வர எவ்வளவு ஆகிறது என்று உரிமையாளர்களுக்குப் புரியும் மொழியிலேயே வாட்சன் பேசவேண்டியிருந்தது. அவருடைய அட்டவணைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் எண்களாகவே இருக்கிறார்கள். மண்வெட்டியால் கிள்ளானின் சேற்றைத் தோண்டியவர்கள், குன்றுகளில் குழாய் புதைத்தவர்கள் எவருடைய பெயரும் அவற்றில் இல்லை. ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, செக்ரோலில் ஒருநாள் எழுதப்படாமல் போன ஒவ்வொரு பெயரையும் அடக்கிக்கொண்டு மௌனமாக நிற்கிறது. ஆயினும், அந்தக் கணக்கை எவரும் எடுக்காமல் இருந்த ஆண்டுகளில் அவர்கள் எண்களாகக்கூட இல்லை என்பதையும் மறந்துவிட முடியாது.

1911ஆம் ஆண்டு வாட்சன் தம் பத்தாண்டுப் பட்டறிவை நூலாக வெளியிட்டார். மலாய் ஐக்கிய நாடுகளில் மலேரியாத் தடுப்பைப் பற்றிய அந்நூல் வரைபடங்களும் அட்டவணைகளும் நிறைந்தது. 1921இல் அது பெரிதும் விரிவாக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. முதல் பதிப்பு வந்த அதே 1911இல் மலாயாவில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைக்கப்பட்டது. மேட்டு நிலங்களில் வீடுகள் பெருகியதால் காய்ச்சலுக்கு ஆளான கோலாலம்பூரிலும் குன்றுகளின் நீரைக் கட்டுப்படுத்தும் பணிகள் நடைபெற்றன. டச்சு நாட்டு அறிஞர் சுவெல்லென்கிரெபெல் 1913இல் மலாயாவுக்கு வந்து வாட்சனின் பணிகளைப் பார்வையிட்டார். இந்தோனேசியாவுக்குத் திரும்பி, எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க முயலாமல் நோய் பரப்பும் ஒரே வகையை மட்டும் குறிவைக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். வாட்சனும் பனாமா கால்வாய்ப் பகுதிக்குச் சென்று அங்கு நடைபெற்ற துப்புரவுப் பணிகளைக் கண்டு நூல் எழுதினார்.

பிரிட்டிஷ் அரசு 1924ஆம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் வழங்கியது. பின்னர் அவர் மலாயாவை விட்டு இலண்டன் சென்று, ரொனால்ட் ராஸின் பெயரால் நிறுவப்பட்ட ராஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். ராஸ் 1932இல் மறைந்தபின் அதன் இயக்குநரானார். ஆப்பிரிக்காவில், இன்று சாம்பியா எனப்படும் நாட்டின் செப்புச் சுரங்கப் பகுதி மலேரியாவால் தவித்தபோது அங்கும் அவருடைய வழிகாட்டுதல் கிடைத்தது. மலாயாவில் செய்ததை அப்படியே அங்குச் செய்யவில்லை. அங்கே எந்தக் கொசு, அது எந்த நீரில் பிறக்கிறது என்ற கேள்வியிலிருந்தே பணி தொடங்கியது. அந்த ஆப்பிரிக்க அனுபவங்களை 1953இல் நூலாக வெளியிட்டபோது அவருக்கு ஏறத்தாழ எண்பது வயது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மால்கம் வாட்சன் காலமானார்.